மருந்து அடித்தும் மூட்டைப்பூச்சி போகவில்லை

கேள்வி: வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். குடிவந்த மூன்றாவது வாரமே மூட்டைப்பூச்சி. ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம், ஒரு முறை மருந்து அடித்தார்கள். பத்து நாள் நிம்மதி, இப்போது குட்டி குட்டியாக மறுபடியும் வருகிறது. "பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது, நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். ஹவுஸ் ஓனரோ "நீங்கள் கொண்டுவந்ததுதான், அட்வான்ஸில் பிடிப்பேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: "பத்து நாள் நிம்மதி, பிறகு குட்டி" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. வழக்கமாக அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகளுக்கு முட்டை பெரும்பாலும் தப்பிவிடும். சென்னை வெக்கையில் அது ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன்பே, முதல் தடவையிலிருந்து 10 முதல் 14 நாளுக்குள் இரண்டாம் முறை அடிக்க வேண்டும். சில வீடுகளுக்கு மூன்றாம் முறையும் தேவைப்படும். இந்த மருந்துகளுக்குப் பழகிப்போன பூச்சிகளும் உண்டு. அடித்த மூன்றாம் நாளே பெரிய பூச்சி தெம்பாக ஓடினால் அதையே திரும்ப அடித்துப் பயனில்லை, வேறு வகை மருந்து கேளுங்கள்.

முதலில் உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். "ஜெனரல் பெஸ்ட் கன்ட்ரோல்" என்று இருந்தால் அது கரப்பான், எறும்புக்கான வேலை. மூட்டைப்பூச்சியைப் பெரும்பாலும் தனிச் சேவையாகத்தான் விற்பார்கள். அடுத்த முறை காசு கொடுக்கும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: மருந்தின் பெயர், எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளி, வாரண்டி எத்தனை நாள், எந்தக் காரணத்தால் வாரண்டி செல்லாது. பக்கத்து வீட்டைக் காட்டி நழுவ முடியாதபடி கடைசி வரியை நன்றாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுக் கதை பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. மூட்டைப்பூச்சி பறக்காது, குதிக்காது. ஆனால் ஒயர் போகும் குழாய் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் நடந்தே அடுத்த வீடு போகும். சங்கத்தில் சொல்லி, சுவரைப் பகிரும் இரு வீடுகளையும் மேல் வீடு, கீழ் வீட்டையும் பார்க்கச் செய்யுங்கள். பூச்சி இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் மருந்து அடிப்பதுதான் லாபம். மூட்டைப்பூச்சி என்றால் அழுக்கு வீடு என்ற பேச்சுக்குப் பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. அதற்குத் தேவை ரத்தம்தான், சுத்தமான வீட்டிலும் அது கிடைக்கும்.

இரண்டாம் முறைக்கு முன் உங்கள் வேலை கொஞ்சம் இருக்கிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே பையில் போட்டுக் கட்டி எடுத்துப்போய், 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் துவையுங்கள். கட்டிலின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். தலைமாட்டுப் பலகையின் பின்புறம், ஆணி ஓட்டைகள், மெத்தையின் விளிம்புத் தையல், கட்டிலை ஒட்டிய ஸ்விட்ச் போர்டு ஆகிய இடங்களில் பேனா முனையால் குத்தியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் கூடு அங்கேதான். ஸ்விட்ச் போர்டைத் திறப்பதென்றால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை விட்டுச் செய்யுங்கள், அதற்குள் தண்ணீர் மருந்து அடிக்க விடாதீர்கள். இரும்புக் கட்டிலானால் மூட்டுகளில் கொதிக்கும் நீர் ஊற்றும் பழைய வழி இன்றும் நல்ல வழி. பிளைவுட்டில் அதைச் செய்தால் பலகை உப்பிவிடும். மெத்தையை மொட்டை மாடியில் போட்டால் மேல்பக்கம்தான் சுடும், பூச்சி அடிப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதைவிட ஜிப் வைத்த முழு உறை போட்டு ஒரு வருடம் கழற்றாமல் விடுங்கள்.

கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, விரிப்பு தரையில் படாமல், கால்களைக் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணத்தின் உட்சுவரில் டால்கம் பவுடர் தடவினால் விழுந்த பூச்சி ஏறாது. தினமும் எண்ணினால் குறைகிறதா, கூடுகிறதா என்பது தெரியும். முக்கியமாக, ஹாலில் போய்ப் படுக்காதீர்கள். பூச்சியும் பின்னாலேயே வரும், இரண்டு அறைக்கு மருந்து வாங்க வேண்டியிருக்கும்.

இனி ஓனர் விஷயம். வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகளுக்கான தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. வெள்ளையடிப்பதும் ஒயரிங்கும் ஓனருக்கு, குழாய் வாஷரும் ஜன்னல் வலையும் உங்களுக்கு. பூச்சி ஒழிப்பு இரண்டிலும் தனியாக இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் இருப்பதும் உங்கள் கையிலுள்ள ஆதாரமும்தான் பேசும். பூச்சியை செல்லோடேப்பில் ஒட்டித் தேதியோடு வையுங்கள், கறைகளைப் படமெடுங்கள், முதல் புகாரை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். நீங்கள் கொண்டுவந்த கட்டிலில் இல்லாமல் வீட்டோடு வந்த பீரோவிலோ சுவர் விரிசலிலோ பழைய கறை அடை அடையாக இருந்தால், அது மூன்று வாரக் குடித்தனத்தின் வேலை இல்லை என்று சொல்ல இடமுண்டு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். தகராறு வந்தால் அந்தச் சட்டப்படி அமைந்த வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

மருந்து நிறுவனத்தின் மீதான புகார் வேறு வழி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும்.

கேள்வி: கடையில் கிடைக்கும் மாத்திரையை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் ஒரே நாளில் தீரும் என்கிறார்களே?

பதில்: அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஈரக்காற்று பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும், சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டில் தூங்குபவரையும் கொல்லும். தானியக் கிடங்குக்கான பொருள் அது, வீட்டில் யாரும் தாமாக வைக்கச் சட்டத்திலும் இடமில்லை. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். யார் மருந்தோடு வந்தாலும் டப்பாவின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். அதிலுள்ள சாய்சதுரத்தில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய நஞ்சு, படுக்கையறைக்குள் விடாதீர்கள்.

கேள்வி: பழைய மரக்கட்டில் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: பகலில் போய், கவிழ்த்துப் போட்டு, டார்ச் அடித்து மூட்டுகளையும் திருகு ஓட்டைகளையும் பாருங்கள். பழைய ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு இழுங்கள். கறுப்புக் கறையோ ரவை போல் வெள்ளை முட்டையோ ஒட்டி வந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கட்டில் சுத்தமாக இருந்தாலும் கூடவே தரும் மெத்தையை வாங்காதீர்கள்.