‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா? எப்படிப் படிப்பது?

அகராதியில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் கிடக்கிறதே, அத்தனையையும் பாடமாக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்காரர் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். அவர்களுடைய 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’தான் ஆக நீளமான விளக்கம் கொண்ட சொல்லாக இருந்தது, பிறகு ‘ரன்’ அதை முந்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியானவர்கள்கூட இதைப் பாடமாக்கிப் பேசுவதில்லை.

நான் கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ‘ரன்’ படிக்கிற நாளில் முதலில் கொப்பியில் எழுதச் சொல்வது எங்கள் ‘ஓடு’வைத்தான். இரணைமடுக் குளத்தில் துருசு திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. தோட்டத்தில் இறைக்கிற மிசின் ஓடுகிறது. யாழ்தேவி ரயில் ஓடுகிறது. தடிமன் பிடித்தால் மூக்கு ஓடுகிறது. தியேட்டரில் படம் நூறு நாள் ஓடுகிறது. இந்த ஐந்துக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுதான் இவற்றுக்குள் இருக்கிற பொதுக் குணம். அது பிடிபட்டால், ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ‘ரன்ஸ்’ என்று வாசிக்கும்போது தடக்காது. நாங்கள் அதை ‘போகிறது’ என்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கவனமாக இருக்க வேண்டியது இரண்டு சொல்லும் பிரிகிற இடத்தில். தமிழ்நாட்டில் பஸ்ஸை ஓட்டுவார்கள். நாங்கள் பஸ்ஸும் ஓடுவோம், சைக்கிளும் ஓடுவோம். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பன் தனியார் பஸ் சாரதி. அவள் வேலைக்கான நேர்முகத்தில் ‘மை ஃபாதர் ரன்ஸ் எ பஸ்’ என்று சொன்னாள். எதிரில் இருந்தவர் உடனே, உங்களிடம் எத்தனை பஸ் இருக்கிறது என்று கேட்டாராம். பிள்ளைக்கு வாய் அடைத்துப் போயிற்று. அன்று பின்னேரம் நேரே என்னிடம் வந்து, “ரீச்சர், நான் என்ன பிழை விட்டனான்?” என்றாள். இலக்கணத்தில் பிழையே இல்லை. ‘ரன்’னுக்குப் பின்னால் கடை, பஸ் என்று ஒன்றைப் போட்டால், பெரும்பாலும் அதை நடத்துகிறவர் என்ற அர்த்தம் வந்துவிடும். கடையை ‘ரன்’ பண்ணுகிறவர் கடை நடத்துகிறவர், பஸ்ஸை ‘ரன்’ பண்ணுகிறவர் பஸ் சேவை நடத்துகிறவர். சாரதி என்றால் ‘ட்ரைவ்ஸ்’, சைக்கிள் என்றால் ‘ரைட்ஸ்’. இதை நான் முன்னமே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது எல்லா வகுப்பிலும் முதலில் சொல்வது இதைத்தான்.

தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ பண்ணுவார்கள். பிரித்தானியரோ எங்களைப் போல ‘நிற்பார்கள்’.

அப்புறம், ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’ போன்ற வால் ஒட்டியவை. இவற்றை ‘ரன்’னின் பொருளாக எண்ணாமல் தனித்தனிச் சொல்லாக எடுங்கள். ‘வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் ரைஸ்’ என்றால் வீட்டில் அரிசி முடிந்துவிட்டது. கிரிக்கெட்டின் ‘ரன் அவுட்’ வேறு. ‘ரன் இன்டு’ மோதுவதாகவும் இருக்கலாம், சந்தையில் பழைய சிநேகிதியைத் தற்செயலாகக் காண்பதாகவும் இருக்கலாம். ‘ரன் ஓவர்’ என்பதில் கவனம், ஆளின் மேல் வாகனம் ஏறிவிட்டது என்ற அர்த்தமும் அதற்கு உண்டு.

கொப்பியில் பொருளை மட்டும் எழுதாதீர்கள், உங்கள் வீட்டு வசனமாக எழுதுங்கள். அந்தப் பிள்ளை எழுதிய முதல் வசனம், வாய்க்கால் தண்ணீர் தங்கள் வேலியோரமாக ஓடுகிறது என்பது. எழுதும்போது காலத்தையும் பாருங்கள்: நேற்று ஓடியது ‘ரான்’, ஆனால் ‘ஹாவ்’ வந்தால் திரும்பவும் ‘ரன்’தான். ‘ஹாவ் ரான்’ என்று எழுதித்தான் பலரும் புள்ளி இழக்கிறார்கள்.