தீயைத் தாங்கும் தெர்மாகோல்: கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி: மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு ஓர் அறை கட்டியிருக்கிறோம். வெயிலின் கடுமை குறைய, கூரையின் உட்புறம் தெர்மாகோல் பலகை பொருத்தச் சொல்கிறார்கள். கடைக்காரர் ‘எஃப்.ஆர். தெர்மாகோல், தீப்பிடிக்கவே பிடிக்காது’ என்று கூடுதல் விலையில் ஒன்றைக் காட்டுகிறார். அதை வாங்க வேண்டுமா? சாதாரணப் பலகையை வாங்கி, மேலே ஏதாவது மருந்து பூசினால் போதாதா?
– வாசகர், மதுரை

பதில்: வீட்டுக்குள் பொருத்துவதாக இருந்தால் எஃப்.ஆர்., அதாவது தீத்தடுப்புச் சேர்மம் கலந்த வகையைத்தான் வாங்க வேண்டும். ஆனால், ‘தீப்பிடிக்கவே பிடிக்காது’ என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம். பாலிஸ்டைரீன் நுரை எந்த வகையானாலும் எரியக்கூடிய பொருளே. கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றாக இருக்கும் இப்பலகை, 100 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே இளகிச் சுருங்கத் தொடங்கும்; மேலும் சூடேறி, சுடரும் பட்டால் பற்றிக்கொண்டு, கரும்புகையைக் கக்கியபடி, எரியும் சொட்டுகளாகக் கீழே விழும்.

எஃப்.ஆர். வகையில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் புரோமின் கலந்த ஒரு சேர்மம். பலகை சூடேறிச் சிதையும்போது இச்சேர்மமும் சிதைந்து ஹைட்ரஜன் புரோமைடை வெளியிடுகிறது; அது சுடருக்குள் புகுந்து, எரிதல் தொடர்ந்து நடக்கக் காரணமான துடிப்புமிக்க ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் துகள்களைப் பிடித்து முடக்கிவிடுகிறது. கூடவே பாலிஸ்டைரீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளும் விரைவில் அறுபடுவதால், பலகை உருகிச் சுடரைவிட்டு விலகிக்கொள்கிறது. ஆகவே தீக்குச்சி, மின்கசிவுப் பொறி போன்ற சிறு நெருப்பு பட்டு விலகினால் அது தானே அணைந்துவிடும். கட்டிலும் பீரோவும் பற்றி எரியும் அறையில் அதே பலகையும் சேர்ந்து எரியும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது முதல் சில நொடிகளுக்கான காப்பு; அது சிறிய காரியமன்று, ஆனால் அவ்வளவுதான்.

மருந்து பூசும் யோசனையைக் கைவிடுங்கள். தீத்தடுப்புச் சேர்மம் பொதுவாக மூலப்பொருளான சிறுமணிகள் தயாராகும்போதே ஆலையில் கலக்கப்படுகிறது. அம்மணிகளை நீராவியில் பொரித்துப் பலகையாக வார்ப்பவரோ, விற்பவரோ பின்னர் அதை உள்ளே செலுத்த முடியாது. அதிலும், தின்னர் கலந்த பெயின்ட் தெர்மாகோலைக் கரைத்தே விடும்.

எனவே எந்தப் பலகையை வாங்குகிறோம் என்பதை வாங்கும்போதே உறுதிசெய்ய வேண்டும். வெப்பக்காப்புக்கான தெர்மாகோலுக்கு ஐ.எஸ். 4671 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அது சாதாரண வகையை ‘என்’ என்றும், தானே அணையும் வகையை, அதாவது கடைக்காரர் எஃப்.ஆர். என்று சொல்வதை, ‘எஸ்.இ.’ என்றும் பிரிக்கிறது. ‘ஐ.எஸ். 4671, எஸ்.இ. வகை’ என்பதையும் அடர்த்தியையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். ரசீதில் எழுதியதற்கு மாறான சரக்கு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிட அந்த ஒரு வரியே உங்களுக்குச் சான்று.

வீட்டிலேயே ஒரு முரட்டுச் சோதனையும் செய்யலாம். திறந்தவெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீருடன், தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி விலக்குங்கள். எஸ்.இ. வகை சுருங்கிச் சில நொடிகளில் அணையும். சாதாரண வகை தொடர்ந்து எரிந்து சொட்டும். வார்த்து அதிக நாளாகாத பலகையில் நுரைக்கப் பயன்பட்ட பென்டேன் வாயு மிச்சமிருக்கும் என்பதால், நல்ல சரக்கும் கொஞ்சம் எரிந்து காட்டக்கூடும்.

பலகையைவிட முக்கியமானது அதன் மூடாக்கு. உட்புறம் பலகை தெரியும்படி விடாமல், 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டால் முழுதும் மூடுங்கள். மின்கம்பிகளைக் குழாய்க்குள் கொண்டுசெல்லுங்கள்; கம்பியின் பி.வி.சி. உறை தெர்மாகோலைத் தொட்டபடி இருந்தால், உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் நுரைக்குள் இறங்கி, உறை நாளடைவில் விறைத்து விரிசல் விடும். கூரையில் வெல்டிங் பாக்கியிருந்தால், அதை முடித்த பிறகே பலகை உள்ளே வரட்டும். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் மேற்புறச் சாலையில் நடந்த வெல்டிங் வேலையால் கீழ்த்தளக் கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீன் பற்றிக்கொண்டு, 17 பேர் இறந்தார்கள்.

கேள்வி: சாம்பல் நிறத் தெர்மாகோல் என்றால் தீயைத் தாங்குவது என்று பொருளா?
– வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. அந்த நிறம் கிராஃபைட்டால் வருவது. வெப்பக் கதிர்களைத் தடுத்துக் காப்புத்திறனைக் கூட்டுவதற்காக அது சேர்க்கப்படுகிறது. வெள்ளையிலும் எஸ்.இ. வகை உண்டு. நிறத்தைப் பார்க்காமல் ரசீதைப் பாருங்கள்.

கேள்வி: தீத்தடுப்பு இரசாயனமே உடலுக்குக் கெடுதல் என்கிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழைய சேர்மத்தைப் பற்றிய பேச்சு அது. பல பத்தாண்டுகள் பயன்பட்ட எச்.பி.சி.டி. என்ற புரோமின் சேர்மம் எளிதில் அழியாமல் மண்ணிலும் உயிரினங்களின் கொழுப்பிலும் சேர்வது தெரிந்ததால், 2013இல், இத்தகைய நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. இந்தியாவும் 2018இல் விதி வகுத்துத் தடைசெய்தது. அதற்கு மாற்றாக வந்தது புரோமின் ஏற்றிய ஸ்டைரீன்–பியூட்டாடையீன் பாலிமர். மூலக்கூறு மிகப் பெரிதாக இருப்பதால் உடலின் செல்களுக்குள் எளிதில் புக முடியாது என்பதே அதைத் தேர்ந்ததற்கான காரணம். வாங்கும்போது ‘எச்.பி.சி.டி. இல்லாதது’ என்ற தயாரிப்பாளர் சான்றைக் கேளுங்கள். பழைய கட்டடத்தை இடித்துக் கிடைக்கும் பலகைகளை மலிவு என்று வாங்க வேண்டாம். வெட்டி மிஞ்சிய துண்டுகள் எந்த வகையாயினும் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். புரோமின் கலந்த நுரை எரியும் புகையில் டையாக்சின் இனத்து நச்சுகள் உருவாகலாம்.