ஃபிரேம் பூலைச் சுற்றித் தோட்டம்: முதல் நான்கு அடியில் எதுவும் வேண்டாம்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீடு. 15 அடி விட்டம், 4 அடி உயரத்தில் ஒரு ஃபிரேம் பூல் (குழாய்ச் சட்டத்தில் லைனர் என்கிற பி.வி.சி. உறையை மாட்டி நிறுத்தும் நீச்சல் தொட்டி) வாங்கி, தென்னைகளுக்கு நடுவே செம்மண்ணில் நிறுத்தியிருக்கிறோம். சுற்றிலும் எப்போதும் சேறு. பார்க்கவும் நீல டிரம்மைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது. சுற்றிச் செடி வைத்து மறைக்கவும், ஒரு பக்கம் மேடை போடவும் ஆசை. என்ன செடி வைக்கலாம், தரைக்கு என்ன செய்யலாம்?

பதில்: செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடத்தைப் பார்த்துவிடுவோம். தென்னைக்கு நடுவே என்பதுதான் இதில் பெரிய சிக்கல். 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில், நான்கு மரங்களுக்குச் சரி நடுவில் பூலை வைத்தாலும், நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு மரமும் பதினேழரை அடியில்தான் நிற்கும். அதில் பூலின் பாதி அகலமான ஏழரை அடியைக் கழித்தால் மிஞ்சுவது பத்தே அடி. வளர்ந்த நெட்டை மரத்தின் மட்டை 15 அடிக்கு மேல் நீளும். மட்டை, குரும்பை, பன்னாடை, நெற்று என மரம் கழிப்பதெல்லாம் தண்ணீரில்தான் விழும். உள்ளே குழந்தைகள் இருக்கும்போதும் விழும். இதற்குச் செடி வைத்துத் தீர்வு காண முடியாது. அடுத்த முறை தண்ணீரை இறக்கும்போது பூலை எடுத்து, எந்தத் தென்னையிலிருந்தும் 20 அடியாவது தள்ளி வையுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் பழைய சிமென்ட் களம் இருந்தால் அதுவே நல்ல இடம். ஆனால் மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று களத்துக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவே 15 அடியில் 1.8 அங்குலம் ஆகிவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசத்தை ஏற்பதில்லை. நிரம்பிய பூலில் ஏறத்தாழ 17,000 லிட்டர், அதாவது 17 டன் தண்ணீர் நிற்கிறது. சரிந்து நின்றால் தாழ்ந்த பக்கத்துக் கால்களும் அந்தப் பக்கத் தையலும் கூடுதல் பாரத்தைத் தாங்கி முதலில் விட்டுப்போகும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலால் எட்டு இடத்தில் மட்டம் பாருங்கள். இப்போது நிற்கிற பூலையும் சோதிக்கலாம்: மேல் குழாயிலிருந்து தண்ணீர் மட்டம் வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்தால் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மண் தரை என்றால் மேடான பக்கத்தைச் செதுக்கி மட்டம் செய்யுங்கள். தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தினால் முதல் மழையிலேயே அது அமுங்கிவிடும். உங்களுடையது செம்மண் என்பதால் பரவாயில்லை. கரிசல் என்றால் ஒரு அடி வெட்டி எடுத்து, கிராவல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்தாக வேண்டும்.

இதற்கு அடுத்த எதிரி கோரை. வெளியில் பார்த்தால் சாதுவான புல். அடியில் இருக்கும் கிழங்கிலிருந்து கிளம்புகிற குருத்து ஊசி மாதிரி லைனரைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். வயலில் விரிக்கிற கறுப்பு வீட் மேட்டையும் துளைக்கும். வெட்டிவிட்டால் போகாது. ஒரு அடி ஆழம் கொத்திப் புரட்டி, கிழங்கைப் பொறுக்கி, தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, மறுபடி முளைப்பதையும் எடுத்த பிறகே பூலை வையுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் 17 அடி விட்டத்துக்கு 4 அங்குலக் கான்கிரீட் போட்டுவிடலாம். 1:3:6 கலவையில் சிமென்ட் பத்து மூட்டைக்குள் முடியும். மேலே பழைய ஃபிளெக்ஸ் பேனரை இரண்டு மடிப்பாக விரித்து, அதன்மேல் பூலை நிறுத்துங்கள். வெறும் எம் சாண்டின் மேல் வைக்காதீர்கள். அது கூர்மையான துகள், லைனரை அராவும். மணல்தான் போட வேண்டும் என்றால் சலித்த பி சாண்ட். டீசல் கலந்த கரையான் மருந்து, தார் ஷீட் இரண்டையும் லைனருக்கு அடியில் விடவே கூடாது. பெட்ரோலியச் சரக்கு எதுவும் பி.வி.சி.யைக் கெடுக்கும். மண்மேல் நிற்கும் பூல் என்றால் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு சதுர அடி கடப்பா கல் துண்டு ஒன்றைத் தரை மட்டத்துக்குப் பதித்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருவோம். பூல் சுவரிலிருந்து நான்கு அடி வரை செடி, தொட்டி, பெஞ்ச், பாறை எதுவுமே வேண்டாம். பெரும்பாலோர் சுவரை ஒட்டித்தான் செடியை நடுகிறார்கள். பின்னால் வருகிற தொல்லைகளில் பாதி அதனால்தான். செடிக்கு விடுகிற தண்ணீர் அடித்தரையை இளக்கும். லைனரில் பொட்டு ஓட்டை விழுந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எருவும் உரமும் தண்ணீருக்குள் போனால் அதிலுள்ள பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பாசிக்குத் தீனி. எல்லாவற்றையும் விட முக்கியம், நான்கு அடிச் சுவர் மூன்று வயதுக் குழந்தைக்குத் தடை. அதன் பக்கத்தில் ஒன்றரை அடித் தொட்டியை வைத்தால் அது படிக்கட்டு. ஃபில்டர் பம்புக்கும் இதே கணக்குதான். குழாய் எட்டுகிற அளவுக்குத் தள்ளி, ஏற முடியாத கம்பிக் கூண்டுக்குள் வையுங்கள்.

அந்த நான்கு அடி வளையத்தில் கல் போடுங்கள். பரப்பு ஏறத்தாழ 240 சதுர அடி வரும். முதலில் மண்ணை வெளிப்பக்கமாக ஒரு அங்குலம் சரியும்படி செதுக்கி இடித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 200 ஜி.எஸ்.எம். ஜியோடெக்ஸ்டைல் துணியை, ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி விரியுங்கள். பிறகு முக்கால் அங்குல ஜல்லியை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். இது 40 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்கும் (ஒரு யூனிட் 100 கன அடி) குறைவு. ஜல்லி வெறுங்காலைக் குத்தும் என்பதால் அதன்மேல் ஒரு அங்குலம் உருண்டைக் கூழாங்கல். அது 20 கன அடி. எடையில் சொன்னால் 900 கிலோ வரும். கல் சிதறாமல் இருக்க வெளிவிளிம்பில் செங்கல்லை நீளவாக்கில் வரிசையாகப் பதியுங்கள். சுற்றளவு 72 அடி, நூறு செங்கல் போதும். விளிம்புக்கு உள்ளே தாழ்ந்த பக்கத்தில் முக்கால் அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, ஓட்டை போட்ட 3 அங்குல பி.வி.சி. குழாயை வைத்து ஜல்லியால் மூடி, மறுமுனையை ஒரு தென்னைப் பாத்திக்குக் கொண்டுபோய் விட்டால் சேறு என்ற பேச்சே இருக்காது.

கல்லுக்குப் பதில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பலாமே என்று தோன்றும். உங்கள் ஊரில் அது மலிவு. வேண்டாம். காய்ந்தால் காற்றில் பறந்து தண்ணீரைக் காப்பி நிறமாக்கும். நனைந்தால் காலோடு உள்ளே வரும். வளையத்துக்குள் கொரியன் புல்லும் வேண்டாம். புல்வெட்டி மெஷினின் நைலான் கயிறு ஒரு தடவை சுவரில் பட்டால் லைனர் கிழிந்துவிடும்.

மறைப்பதற்குச் செடி ஒட்டி நிற்க வேண்டியதில்லை. பூலிலிருந்து ஆறு அடி தள்ளி நான்கு அடி உயர வேலி இருந்தால், 25 அடி தூரத்தில் நிற்பவர் கண்ணுக்குச் சுவரின் மேல் நான்கு அங்குலம் மட்டும் தெரியும். உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் தெரியாது. ஆனால் முழு வட்டமாக மறைத்துவிடாதீர்கள். சமையலறை ஜன்னலிலிருந்தோ திண்ணையிலிருந்தோ பார்த்தால் பூலும் அதைச் சுற்றிய இடமும் தெரிய வேண்டும். வேலி எதிர்ப்புறத்து அரைவட்டத்தில் மட்டும் இருக்கட்டும்.

நல்ல வெயில் விழுகிற இடம் என்றால் அதற்கு வெட்டிவேரை மிஞ்சிய செடி இல்லை. வேர் பக்கவாட்டில் ஓடாமல் செங்குத்தாக இறங்கும்; தூர் நான்கைந்து அடி உயரும்; இலை உதிர்ந்து பறக்காது; தண்ணீர் தேங்கினாலும் காய்ந்தாலும் தாங்கும். ஆறு அடி தள்ளிய அரைவட்டம் 42 அடி நீளம். அரை அடிக்கு ஒரு நாற்று என்றால் 85 நாற்று. ஆனியில் நட்டால் மூன்று நான்கு மாதத்தில் இடைவெளி அடைந்துவிடும். வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு அடி உயரத்துக்கு அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடியில் சருகு சேர்ந்து எலிக்கும், எலியைத் தேடி வருகிற பாம்புக்கும் இடமாகும். நிழலில் வெட்டிவேர் சோடையாகிவிடும். அங்கே நான்கு அடிக்கு ஒன்றாக அரேகா பாம் பதினொன்று வைக்கலாம். அதன் மட்டை முழுசாக விழும், கையால் எடுத்துப் போட்டுவிடலாம். இவற்றுக்கு முன்னால் நிறத்துக்கு ரியோ அல்லது ஸ்பைடர் லில்லி ஒரு வரிசை. கல்வாழையும் ஹெலிகோனியாவும் அழகுதான். கிழங்கு பரவும் என்பதால் அடி வெட்டிய பெயிண்ட் டப்பாவில் வைத்துப் புதைத்தால் அடங்கியிருக்கும்.

அரளியை, செவ்வரளியானாலும் மஞ்சள் அரளியானாலும், குழந்தைகள் புழங்கும் இடத்தில் வைக்கவே கூடாது. செடி முழுவதும் நஞ்சு. காகிதப்பூ முள்ளும் ஆகாது, அதன் பூ தண்ணீர் முழுக்க மிதக்கும். வேம்பு, புங்கை, முருங்கை, மூங்கில் எல்லாம் இலை கொட்டுகிற சாதி. தோட்டத்தில் ஏற்கெனவே அவை நின்றால் திசையைப் பாருங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றில், பூலுக்கு மேற்கே நிற்கிற மரத்தின் இலையெல்லாம் தண்ணீருக்குள்தான் வரும். கிழக்கே நிற்கிற மரம் அவ்வளவு தொந்தரவு செய்யாது. அந்த மாதங்களில் பூலைக் காலியாக நிறுத்தி வைக்காதீர்கள், காற்று புரட்டிவிடும்.

மேடை போடலாம், ஆனால் பூலின் மேல் அது ஒரு துளியும் சாயக் கூடாது. அந்தக் குழாய்கள் தண்ணீரின் தள்ளலைத் தாங்கச் செய்தவை, ஆள் எடையைத் தாங்க அல்ல. இரண்டுக்கு இரண்டு அங்குல இரும்புச் சதுரக் குழாயில் தனிக் கால் கொடுத்து, ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடிக் கான்கிரீட் குழி போட்டு, சுவருக்கும் மேடைக்கும் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். லைனர் மாற்றும்போது பூலைக் கழற்ற வேண்டியிருக்கும், அதற்கும் இந்த இடைவெளி உதவும். எட்டுக்கு ஆறு அடி போதும். இருவர் உட்காரலாம், துண்டு வைக்கலாம். மேடை வந்தவுடன் நான்கு அடிச் சுவரின் பாதுகாப்பு போய்விடுகிறது என்பதை மறக்காதீர்கள். மேடையின் திறந்த பக்கங்களிலும் படியிலும் நான்கு அடிக் கம்பி வேலி, கம்பிக்குக் கம்பி நான்கு அங்குலத்துக்குள், தானாக மூடும் கதவு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். இவையெல்லாம் செய்ய மனமில்லை என்றால் மேடையே வேண்டாம். கழற்றி வைக்கிற ஏணி போதும்.

மின்சாரத்தில் சமரசம் கிடையாது. விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்குள், அதாவது பதினொன்றரை அடிக்குள், பிளக் பாயின்ட் இருக்கக் கூடாது. பம்ப் லைனுக்கு, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தோட்ட விளக்கு 12 வோல்ட் அல்லது சோலார்; வெள்ளையை விட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும்.

மழை மாதங்களில் பூல் மூடிமேல் தேங்குகிற தண்ணீரையும் தொட்டித் தட்டுகளில் நிற்கிற தண்ணீரையும் வாரம் ஒரு தடவையாவது கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாளே போதும். பூலைக் காலி செய்யும்போது குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியை எடுத்து மூன்று நான்கு நாள் வெயிலில் விட்டு, பிறகு தென்னைக்குப் பாய்ச்சலாம். ஆறு அடி ஆரமுள்ள வட்டப்பாத்தி நான்கு அங்குல ஆழத்துக்கு ஆயிரம் லிட்டர் பிடிக்கும்; ஆகவே 17 மரத்துக்குப் பிரித்து விட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். உப்புப் போட்டு ஓட்டுகிற குளோரினேட்டர் வைத்திருந்தால் அந்தத் தண்ணீரை ரியோ, லில்லி பாத்திக்கு விடாதீர்கள்.