எத்தனை நாள் கரண்ட்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்காவுக்கு இடது மார்பில் புற்றுக் கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அடுத்து 15 சிட்டிங் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைக்கவேண்டும் என்கிறார் டாக்டர். சில வருடங்களுக்கு முன் எங்கள் சித்திக்கு 25 வைத்தார்கள். கூட்டம் அதிகம் என்பதால் குறைத்துவிட்டார்களோ என்று வீட்டில் ஒரே பேச்சு. தேடிப் பார்த்ததில் ஜான் யார்னால்ட் என்ற லண்டன் மருத்துவரின் பெயர் கிடைத்தது. முப்பது வருடம் இந்த நாட்களைக் குறைப்பதையே வேலையாகச் செய்திருக்கிறார். புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை. இதற்குப் பெயர் ஆராய்ச்சியா, நிர்வாகமா? இவருக்கெல்லாம் நோபல் கிடைக்காதது நியாயம்தானே? இன்னொன்று, கரண்ட் வைக்கும் நாட்களில் அக்கா குழந்தையைத் தூக்கலாமா? பப்பாளி சாப்பிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், மெஷின் நின்றதும் நின்றுவிடும். உடம்பில் தங்காது. பப்பாளியும் சாப்பிடட்டும். நோபல் கமிட்டியின் நியாயத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

'நிர்வாகம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு இதில் கோபம் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் விஞ்ஞானி, இருப்பதில் எவ்வளவு போதும் என்று கண்டுபிடித்தால் கணக்குப்பிள்ளை! புற்றுநோய் மருத்துவத்தில் 'எவ்வளவு போதும்' என்பதைவிடக் கஷ்டமான கேள்வி குறைவு. விடை தப்பானால் அது தெரியவே பத்து வருடமாகும்.

முதலில் உங்கள் வீட்டுக் கணக்கைச் சரிசெய்வோம். கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. சித்திக்குப் பெரும்பாலும் 50 கிரே, 25 சிட்டிங், தினம் 2 கிரே வைத்திருப்பார்கள். அக்காவுக்கு 40 கிரே, 15 சிட்டிங், தினம் ஏறக்குறைய 2.67 கிரே. நாள் குறைந்தது, ஒரு நாளின் அளவு கூடியது. 50, 40 என்பதை ரூபாய் மாதிரி கழித்துப் பார்த்து 'பத்து போச்சு' என்று சொல்லக்கூடாது. திசுவில் விழும் அடி மொத்த அளவை மட்டும் பொறுத்ததல்ல. ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதையும் பொறுத்தது. 2.67 கிரே என்பது 2 கிரேயைவிட மூன்றில் ஒரு பங்குதான் அதிகம், ஆனால் அதன் சேதம் அதைவிட அதிகமாகவே ஏறும்.

கதிரைப் பிரித்துக் கொடுப்பது ஏன்? இரண்டு சிட்டிங்குக்கு நடுவே நல்ல செல்கள் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. தோலடித் திசு, தசை, ரத்தக்குழாய் போன்ற மெதுவாக மாறும் திசுக்களுக்குச் சின்ன அளவுகள் பெரிய சலுகை. புற்றுக் கட்டிகள் அந்தச் சலுகையை அவ்வளவாக அனுபவிப்பதில்லை என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். மருத்துவர்கள் இதை ஆல்பா-பீட்டா விகிதம் என்ற ஒற்றை எண்ணில் சொல்வார்கள். கட்டிக்குப் பத்துக்குப் பக்கம், நல்ல திசுவுக்கு மூன்றுக்குப் பக்கம். எண் சிறியதானால் ஒரு வேளை அளவு அதை அதிகம் பாதிக்கும். அப்படிப் பார்த்தால் தினம் 2 கிரே, ஐந்து வாரம் என்பதே புத்திசாலித்தனம்.

மார்பகப் புற்று மற்ற கட்டிகளைப் போல இல்லையென்றால்? அதன் எண்ணும் மூன்று, நான்கில் இருந்தால்? அப்போது தினம் 2 கிரே நல்ல திசுவைக் காப்பாற்றும் அதே அளவுக்குப் புற்றையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும். இந்தச் சந்தேகத்தைச் சோதிக்கத்தான் அத்தனை வருடமும்.

யார்னால்டும் அவர் குழுவும் சோதித்த விதத்தைப் பாருங்கள். 1986இல் லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையிலும் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலும் தொடங்கிய முதல் சோதனையில் 1998 வரை 1,410 பெண்கள் சேர்ந்தார்கள். மூன்று பிரிவு. ஒன்று வழக்கமான 25 தரம் 2 கிரே. மற்ற இரண்டும் 13 சிட்டிங். ஒன்றில் தினம் 3 கிரே, மொத்தம் 39. இன்னொன்றில் தினம் 3.3, மொத்தம் 42.9. மூன்றுக்குமே ஐந்து வாரம்தான்! நாளைக் குறைப்பதே வேலை என்று எழுதினீர்களே, முதல் சோதனையில் சிட்டிங் குறைந்ததே தவிர, மொத்தக் காலத்தில் அவர்கள் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை. 13 சிட்டிங்கை இரண்டு வாரத்துக்கு ஐந்து என்று இழுத்தார்கள். காலத்தையும் சேர்த்து மாற்றினால், வித்தியாசம் வந்தது ஒரு வேளை அளவாலா, சீக்கிரம் முடித்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

புதிய அளவு ஒன்று போதாதா, இரண்டு எதற்கு? 39ஐ மட்டும் வைத்து, கட்டி கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருந்தால் 'புதிய முறை மோசம்' என்று கடையைக் கட்டியிருப்பார்கள். பழைய 50க்குச் சமமான இடம் நடுவே எங்கே என்று அளக்க, கீழே ஒரு கல்லும் மேலே ஒரு கல்லும் வேண்டும். பத்து வருடத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது 39 கிரேயில் 14.8%, 50இல் 12.1%, 42.9இல் 9.6%. பழைய முறை இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. 13 சிட்டிங்கில் 41 கிரேக்குப் பக்கம் என்று பள்ளிக்கூடப் பையன்கூட அளந்துவிடலாம். அதிலிருந்து கட்டிக்குக் கிடைத்த எண் 4. மார்பின் தோற்றம் மாறுவதற்குக் கிடைத்தது 3.6. சந்தேகம் சரியான பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அந்த 4க்குப் பிழை எல்லை மிக அகலம், அதாவது உண்மையான எண் அதைவிட நன்றாகக் கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால்தான் அடுத்தடுத்த பெரிய சோதனைகள்.

தோற்றம் மாறியதை எப்படி எண்ணாக்குவது? போட்டோ. முகம் விழாமல், நேர் எதிரே இரண்டு படம். கை இடுப்பில் வைத்து ஒன்று, தலைக்கு மேல் தூக்கி ஒன்று. கதிர் தொடங்குமுன் எடுத்ததையும் வருடங்கள் கழித்து எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, யாருக்கு எந்த அளவு என்று தெரியாதவர்கள் 'மாற்றமில்லை, லேசாக, நன்றாக' என்று மதிப்பிடுவார்கள். கை தூக்கிய படத்தில்தான் சுருக்கமும் இழுப்பும் வெளியே வரும்.

இந்த நிதானத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிட்டிங்கைக் குறைப்பது பிரிட்டனில் முன்பே நடந்த விஷயம். அக்குள் பக்கம் கதிர் வாங்கிய சில பெண்களுக்கு வருடங்கள் கழித்துக் கை மரத்து, தொங்கிப்போனது. அவர்கள் ரேஜ் என்ற பெயரில் அமைப்பாகத் திரண்டு கேள்வி கேட்டார்கள். ஒரே சிட்டிங்கில் ஒரு கதிர்ப் பரப்பு முடிந்து அடுத்ததற்கு நோயாளியின் படுக்கை நிலையை மாற்றியது முக்கியக் காரணம் என்றது 1995இல் வந்த அறிக்கை. பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் நரம்பு இரட்டை அடி வாங்கியது. அந்த நினைவு ஆறாத ஊரில் மறுபடியும் 'நாளைக் குறைக்கலாம்' என்று சொல்ல, கையில் அசைக்க முடியாத எண்கள் வேண்டும்.

அவை வந்தன. ஸ்டார்ட்-பி என்ற சோதனையில் 2,215 பெண்கள். உங்கள் அக்காவின் அதே 40 கிரே, 15 சிட்டிங், மூன்று வாரம். பத்து வருடத்தில் அந்தப் பக்கத்திலேயே நோய் திரும்பியது 4.3%. பழைய முறையில் 5.5%. மார்பு சுருங்குவதும் குறைவு. கனடாவில் 42.5 கிரேயை 16 சிட்டிங்கில் வைத்துப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். 2009இலேயே பிரிட்டன் 15ஐ வழக்கமாக்கிவிட்டது. கூட்டத்துக்குப் பயந்து அக்காவுக்குக் குறைக்கவில்லை என்பது இப்போதாவது புரிகிறதா?

2020இல் முடிவு வந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் என்ற சோதனை 26 கிரேயை ஐந்தே சிட்டிங்கில், ஒரே வாரத்தில் முடித்தது. 4,096 பேர். அதில் 27 கிரே கொடுத்த பிரிவும் உண்டு. தினம் 5.2க்குப் பதில் 5.4. நாளுக்கு வெறும் 0.2 கிரே! ஐந்து வருடத்தில் மருத்துவர்கள் கண்ட நடுத்தர, கடுமையான திசு மாற்றம் 26இல் 11.9%, 27இல் 15.4%. இந்த 0.2தான் நீங்கள் சொன்ன நிர்வாகம்.

ஆகவே அக்கா டாக்டரிடம் கேட்கவேண்டியது எத்தனை நாள் என்பதல்ல. ஒரு வேளை அளவு கூடும்போது, அளவு சீராகப் பரவாமல் அதிகம் விழும் இடம் இரண்டு விதத்தில் அடி வாங்கும். திட்டத்தில் ஓரிடம் குறித்த அளவில் 107% வாங்கினால் அங்கே மொத்தமும் கூடும், தினசரி அளவும் கூடும். பெரிய மார்பின் மடிப்பில் இது அடிக்கடி நடக்கும். இப்படி அதிகம் விழும் இடத்துக்குப் பெயர் ஹாட் ஸ்பாட். 'ஹாட் ஸ்பாட் எவ்வளவு?' என்று கேட்கச் சொல்லுங்கள். இடது பக்கம் என்பதால் இதயத்துக்குச் சராசரி எத்தனை கிரே என்றும் கேட்கட்டும். அது ஒவ்வொரு கிரே ஏறும்போதும் மாரடைப்பு போன்றவற்றுக்கு ஏற்கனவே உள்ள வாய்ப்பு அதில் 7.4% கூடுகிறது என்று 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் சாரா டார்பியின் குழு காட்டியது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகும். அந்த வசதி அங்கே இருந்தால், வீட்டிலேயே இருபது நொடி பிடித்துப் பழகட்டும். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பூஸ்ட் என்று சில சிட்டிங் சேர்த்தால், '15 என்றீர்களே' என்று யாரும் சண்டைக்குப் போகவேண்டாம்.

சிவப்பும் எரிச்சலும் கடைசி நாளோடு முடியாது. முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் உச்சம். அப்போது பயந்து கண்ட களிம்பைத் தடவவேண்டாம்.

இன்னொன்று, இதுதான் அவசரம். திட்டம் போடும் சி.டி. எடுக்கும்போதும் பிறகு ஒவ்வொரு சிட்டிங்கிலும் கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்கவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்குப் பயந்து கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், சி.டி.யைத் தள்ளிப்போடவேண்டி வரும். டாக்டர் சரி என்று சொன்னதும் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மேலே ஏறிப் பழகச் சொல்லுங்கள். இன்றைக்கு எதுவரை ஏறுகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நாளைக்கு அதற்கு மேல் ஒரு விரல்.