வயதான லாப்ரடாருக்கு ஓய்வா, பிசியோதெரபியா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். காலையில் எழவே சிரமப்படுகிறான். டாக்டர் வலி மருந்தோடு பிசியோதெரபியும் சொல்கிறார். வீட்டில் எல்லோரும் ஓய்வு கொடு என்கிறார்கள். எது சரி?

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி. தேய்ந்த மூட்டைத் தாங்குவது அதைச் சுற்றியுள்ள தசை. படுத்தே கிடந்தால் தொடைச் சதை வற்றிவிடும், மூட்டு இறுகும், எழுவது இன்னும் கஷ்டமாகும். தேய்ந்த குருத்தெலும்பைப் பிசியோதெரபி திரும்பக் கொண்டுவராது. ஆனால் இருக்கிற மூட்டோடு அவனை வலி குறைவாக நடமாட வைக்கும்.

முதலில் தரையைப் பாருங்கள். டைல்ஸில் பின்னங்கால்கள் அகன்று வழுக்கினால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. அவன் படுக்கும் இடம், சாப்பிடும் இடம், வாசல் வரை வழுக்காத மிதியடி போடுங்கள். நகத்தையும் பாத மெத்தைகளுக்கு இடையே வளரும் முடியையும் வெட்டிவிடுங்கள்.

நடையை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஒரு மணி நேரம் என்று வைக்காதீர்கள். தினமும் மூன்று வேளை, பத்துப் பத்து நிமிடம் போதும். வெயில் ஏறுவதற்குள் காலை நடை முடியட்டும். கயிற்றைப் பிடித்து மெதுவாகத்தான் நடத்த வேண்டும். வேகமாகப் போனால் வலிக்கிற காலை ஊன்றாமலே தாவிச் சமாளித்துவிடுவான். மெதுவாக நடந்தால் நான்கு கால்களையும் ஊன்றியாக வேண்டும்.

அப்புறம், உட்கார்ந்து எழும் பயிற்சி. இது இடுப்பு, தொடைத் தசைகளுக்கு அருமையானது. சுவரை ஒட்டி நிறுத்தி, கால் வெளியே சரியாமல் நேராக உட்கார வையுங்கள். மூக்குக்கு நேரே தீனியைக் காட்டி எழுப்புங்கள். தொடக்கத்தில் ஐந்து முறை போதும். உதட்டை நக்குவது, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பது, உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்வது, இவையெல்லாம் வலிக்கு அடையாளம். உடனே நிறுத்திவிடுங்கள்.

தண்ணீருக்குள் நடக்கும் டிரெட்மில் வசதி அருகில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் முழங்கால் மட்டத்தில் நின்றால் உடல் எடையில் சுமார் 85 சதவீதம் கால்களில் இறங்கும். இடுப்பு மட்டத்தில் 38 சதவீதம்தான். மூட்டு நோகாமல் தசை வேலை செய்யும்.

எடையைக் குறைக்காமல் இதெல்லாம் பாதிப் பலன்தான் தரும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலிச் சிகிச்சையும் அவற்றுக்குத் தாமதமாகவே தேவைப்பட்டது. உங்கள் பையனின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பை அழுத்தித் தேட வேண்டியிருந்தால் சாப்பாட்டைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

மனிதர்களின் பாராசிட்டமால், இபுபுரூஃபென் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம், நாய்களுக்கு விஷமாகிவிடும். பாதம் மடங்கி மேல்பக்கம் தரையில் உரசினாலோ, திடீரெனச் சிறுநீர் போக முடியாவிட்டாலோ அது மூட்டோடு நிற்கிற பிரச்சினை இல்லை, நரம்பாக இருக்கலாம். பயிற்சியை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.