பன்சலைக்குப் (பௌத்த விகாரைக்குப்) போகும் முன்: அக்காவிடம் கேட்டவை

(பல வருடங்களாகக் கண்டியில் ஒரு விகாரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.)

அக்கா, பரீட்சை பாஸாக வேண்டும் என்று புத்தரிடம் வேண்டலாமா?

புத்தர் வரம் தரும் தெய்வமல்ல, வழி காட்டிய ஆசான். வேண்டுதல் என்றால் சிங்களவர்களும் தெய்வங்களுக்கென்று இருக்கும் 'தேவாலய' எனும் கோயிலுக்குத்தான் போவார்கள். அவர்களுடைய கதிர்காமத் தெய்வம் நம்முடைய முருகன்தானே!

பிறகு பூ எதற்கு?

வாடுவதற்கு. காம்பு கிள்ளிய அரலியா (ஈழத்தலரி) பூக்களை முகம் மேலே பார்க்க அடுக்கித் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். அப்போது சொல்லும் பாளிப் பாட்டின் பொருள், 'இந்தப் பூ வாடுவது போல என் உடலும் அழியும்' என்பது. மாலையில் போய்ப் பாருங்கள், காலையில் வைத்த வெள்ளைப் பூ ஓரமெல்லாம் பழுத்துக் கிடக்கும். எனக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. ஒன்று, படைக்கும் முன் பூவை முகரக் கூடாது.

சிங்கள நண்பரின் அப்பா தவறிவிட்டார். சடங்கில் கூசாவிலிருந்து (நீர்ச் சாடியிலிருந்து) தண்ணீர் ஊற்றினார்கள். அது என்ன?

உங்கள் நண்பருக்கு என் அனுதாபங்கள். பிக்குமாருக்கு வெள்ளைத் துணி தானம் கொடுத்த பிறகு நடப்பது அது. பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கூசாவில் கை வைத்து, தட்டில் இருக்கும் கோப்பைக்குள் மெதுவாக ஊற்றுவார்கள். கோப்பை நிரம்பித் தட்டில் வழியும்வரை பிக்குமார் ஓதுவார்கள். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடுவது போல, இங்கே கொடுத்த தானத்தின் புண்ணியம் போனவர்களைச் சேரட்டும் என்பது அதன் பொருள். நம் வீடுகளில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோமே, அந்த மனசுதான். ஏழாம் நாள் தானத்துக்கும் கூப்பிடுவார்கள், கட்டாயம் போங்கள்.

போயாவுக்கு (பௌர்ணமி நாளுக்கு) சில் எடுக்க, அதாவது எட்டு சீலங்கள் எனும் ஒழுக்க விதிகளைக் கடைப்பிடிக்க ஆசை. பசி தாங்குமா?

தாங்கும். எட்டு சீலங்களில் ஒன்று நண்பகலுக்குப் பின் சாப்பிடாமல் இருப்பது. மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் பால் சேர்க்காத தேத்தண்ணி குடிக்கலாம். முதல் தடவை என்றால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கஷ்டம், அந்த நேரம் போதி மரத்தடியில் போய் உட்காருங்கள். வெள்ளை உடுப்பு போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை.

சிலையோடு செல்ஃபி?

வேண்டாம். புத்தருக்கு முதுகு காட்டி நிற்பது பௌத்தர்கள் மனதைப் புண்படுத்தும்.