வைப்ரஃபோனில் 'டேம்பனிங்' என்றால் என்ன? பெடல் இருக்கும்போது அது எதற்கு?

அடித்த சுரங்களில் ஒன்றை மட்டும் மேலட்டின் (அடிக்கும் கோலின்) தலையால் அழுத்தி நிறுத்துவதுதான் டேம்பனிங்.

வைப்ரஃபோன் கட்டைகளை அடித்து வாசிக்கும் கருவி, அந்தக் கட்டைகள் அலுமினியம். அடித்தால் பல நொடி ஒலிக்கும். பெடலை மிதித்தால் அடியிலுள்ள ஃபெல்ட் பட்டை விலகி எல்லாம் ஒலிக்கும், விட்டால் எல்லாமே ஒன்றாக அடங்கும். ஜாஸில் இடக்கை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நீடிக்க, வலக்கை மெட்டு மட்டும் தெளிவாக நகர வேண்டும். அதைப் பெடல் தனியாகச் செய்யாது. நோம்பியில் அடித்த பூசை மணியை உள்ளங்கையால் பொத்துகிறோமே, அதே வேலைதான்.

பெடலை மிதித்தபடியே இடக்கையால் எஃப் சுரத்தை அடியுங்கள். வலக்கையால் ஜி அடிக்கும் அதே கணத்தில் இடக்கை மேலட்டை எஃப் மேல் வைத்து அழுத்துங்கள். முந்தினால் நடுவில் வெற்றிடம் விழும். பிந்தினால் இரண்டும் கலங்கும். ஓங்கி வைத்தால் எஃப் மறுபடி ஒலித்துவிடும், ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் வில்லங்கம் இது. கட்டையின் நடுவில் அழுத்துங்கள். கட்டைகளைக் கோத்திருக்கும் கயிறு போகும் இடம் அவ்வளவாக அதிராது, அங்கே அழுத்திப் பயனில்லை. நூல் சுற்றிய மேலட்டே நல்லது. வெறும் பிளாஸ்டிக் தலை 'டிக்' என்று சத்தம் போடும்.

கோவை, ஈரோடு பக்கம் வைப்ரஃபோன் கண்ணில் படுவதே அரிது. பள்ளி பேண்டின் உலோகக் கட்டை பெல்ஸ் கிடைத்தால் அதில் பழகலாம். கீபோர்டில் முடியாது.

மரிம்பாவுக்கும் இதே அளவு டேம்பனிங் வேண்டும் என்பது தவறான எண்ணம்: மரக்கட்டையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், அங்கே சுரத்தை நீட்டத்தான் மேலட்டுகளால் மாற்றி மாற்றி வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது.